சித்தப்பாவின் ஹைலக்ஸும் பம்பில் கீறாத கோடும்

மூன்று வாரத்துக்கு ஊருக்குப் போய், அதில் ஒன்பது நாட்களை ஒரு டீசல் பம்புக்குக் கொடுத்துவிட்டு ரொறொன்ரோ திரும்பியிருக்கிறேன். கோயில், கலியாணம், காணி அலுவல் எல்லாம் சரியாகவே நடந்தன. அதையெல்லாம் விட்டுவிட்டுச் சித்தப்பாவின் ஹைலக்ஸைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மனதில் நிற்பது அதுதான்.

யாழ்ப்பாணத்துப் புத்தூரில் சித்தப்பாவுக்கு வெங்காயமும் வாழையும். அறுவடை சுன்னாகம் சந்தைக்குப் போவது அந்தப் பழைய டீசல் பிக்கப்பில்தான். 'வித்துப்போட்டு வேறை வாங்குங்கோவன்' என்று இங்கிருந்து சொல்வது சுலபம். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள், அதுவும் பெரிய வரியோடு. பழைய ஹைலக்ஸ் வைத்திருப்பவர் அதைப் பிள்ளை மாதிரிப் பார்ப்பதில் என்ன ஆச்சரியம்?

நான் போன கிழமைதான் டாஷ்போர்டில் ரைமிங் பெல்ற் விளக்கு எரிந்தது. எஞ்சினையும் பம்பையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கிற பட்டி அது. மாற்றச் சொல்லி ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை விளக்கு எரியும். பிரதான வீதிக் கராஜ் ஒன்றில் விட்டோம். பெல்ற் மாற்றினார்கள். எஞ்சினுக்கு டீசல் தள்ளுகிற பம்பில் கசிகிறது என்று அதையும் கழற்றி, சீல் போட்டுப் பூட்டித் தந்தார்கள். அடுத்தநாள் விடிய சித்தப்பா ஸ்ரார்ட் பண்ணினார். ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை. கண் எரிந்தது. பக்கத்து வீட்டு மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தா. லோட் ஏற்றினால் வாகனம் இழுக்கவில்லை.

டீசல் எஞ்சினில் பொறி அடிக்க ஒன்றும் இல்லை. அமுங்கிச் சூடான காற்றுக்குள் எந்தக் கணத்தில் டீசலைத் தள்ளுவது என்பதைப் பம்புதான் தீர்மானிக்கிறது. முந்தித் தள்ளினால் எஞ்சின் கடகடவென்று அடிக்கும். பிந்தினால் பாதி எரியாமல் வெள்ளையாக வெளியே வரும். பம்பைப் பிடித்திருப்பது நீள ஓட்டைகளில் பூட்டிய இரண்டு நட்டுகளும் பின்னால் ஒரு தாங்கியும். நட்டைத் தளர்த்தி ஓரிரு மில்லிமீற்றர் திருப்பினாலே அந்தக் கணம், அதாவது ரைமிங், மாறிவிடும். அதனால்தான் கழற்றுவதற்கு முதல் பம்பிலும் எஞ்சினிலும் சேர்த்து ஒரு கோடு கீறுவார்கள். அப்பாவின் காலத்தில் சின்னப் பெடியனுக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

அந்தக் கராஜுக்கு மூன்று தடவை போனோம். முதலில் 'நொசில் போட்டுது' என்றார்கள், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற முனை பழுதாம். நான்கு புது நொசில் வாங்கிக் கொடுத்தோம், புகை குறையவில்லை. அப்புறம் 'கொழும்புக்கு அனுப்பிப் பம்பைச் செய்ய வேணும்' என்றார்கள். 'கழட்டேக்கை மார்க் பண்ணினீங்களோ?' என்று கேட்டேன். வேலை செய்த பெடியன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி போனைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் சத்தம் போட்டுவிட்டேன். சித்தப்பா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

ஒன்ராறியோவில் திருத்த வேலைக்கு முதலில் எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். கடைசிப் பில் அதைவிடப் பத்து வீதத்துக்கு மேல் கூடக்கூடாது. செய்த வேலைக்கும் போட்ட பாகத்துக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் சட்டத்திலேயே உண்டு. ஊரில் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. எதை வைத்துக் கேட்பது? ஆனால் அந்தச் சட்டமெல்லாம் இருக்கிற ரொறொன்ரோவில் இந்தப் பம்பைத் தொடத் தெரிந்த ஒரு ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஹைலக்ஸே இங்கே விற்பனையில் இல்லை. கணினியைப் பூட்டிப் பார்ப்பார்கள், இதில் பூட்ட இடமே கிடையாது.

எட்டாம் நாள் மாமிதான் கோப்பாய்ப் பக்கம் ஒரு ஐயாவைச் சொன்னா. மாமரத்துக்குக் கீழே தகரக் கொட்டில், பெயர்ப்பலகை ஒன்றும் இல்லை. எழுபது தாண்டியவர். எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு நொசிலுக்கும் போகிற குழாய் நட்டை ஒருக்கால் தளர்த்தி இறுக்கிப் பார்த்தார். நாலிலும் சத்தம் ஒரே மாதிரி மாறியது.

"நொசிலிலை பிழையில்லை. கழட்டேக்கை கோடு கீறினவையோ?"

"இல்லை ஐயா."

"அது பரவாயில்லை. பழைய கோடு ஒண்டு இருக்கும். ஜப்பான்காரன் கீறாமல் விடமாட்டான்."

முன் மூடியைக் கழற்றி, பெல்ற் ஓடுகிற கிராங், காம், பம்புப் புல்லிகளின் அடையாளங்களைப் பார்த்தார். மூன்றும் நேர். பெல்ற்றில் பல் தவறவில்லை. பிறகு சீலைத் துண்டை டீசலில் நனைத்துப் பம்பின் அடியைத் தேய்த்தார். அழுக்குக்குள்ளிருந்து இரண்டு கோடுகள் வந்தன. ஒன்றுக்கொன்று ஒரு நெல்மணி அகலம் விலகி நின்றன. சித்தப்பா குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

கோட்டோடு கோடு சேர்த்துப் பூட்டியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஐயா பழைய சாரத் துணியில் சுற்றிய டயல் கேஜை, சின்ன அசைவையும் முள்ளால் காட்டுகிற அளவுகருவியை, எடுத்தார். "கோடு கிட்டக் கொண்டுவரும். புது பெல்ற் போட்டாப் பிறகு மிச்சத்தை இதிலைதான் பாக்கோணும்." பம்பின் பின் தலையில் நடுப் போல்ற்றைக் கழற்றி அந்தத் துவாரத்தில் கேஜைப் பூட்டினார். குளிர் ஸ்ரார்ட்டுக்காக ரைமிங்கை முந்தவைக்கிற லீவர் ஒன்று பக்கத்தில் உண்டு. அதை விலக்கி இடையில் ஒரு தகட்டைச் செருகினார். இல்லாவிட்டால் அளவு பொய் சொல்லும்.

கிராங்கைச் சுற்ற ஸ்பனரை என்னிடம் தந்தார். முதல் சிலிண்டர் மேலே வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி முள்ளைப் பூச்சியத்தில் வைத்தார். அங்கிருந்து உச்சிக்கு வரும்போது முள் நகர்கிற தூரம், அதாவது பம்புக்குள் டீசலைத் தள்ளுகிற தண்டு நகர்கிற தூரம்தான் அளவு. முழுதாக ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. நான் ஒருக்கால் தாண்டிவிட்டேன். "பின்னுக்குத் திருப்பி நேரா அதிலை நிப்பாட்டாதேங்கோ தம்பி. நல்லாப் பின்னுக்குப் போய்த் திரும்ப வாங்கோ, இல்லாட்டி பெல்ற் தளர்ந்து நிக்கும்." இரண்டாம் தடவை அளவு கொஞ்சம் குறைவு. பம்பு சுழலும் திசைக்கு எதிராக ஒரு தட்டுத் தட்டினார், மரக் கைபிடியால், மெதுவாக. மூன்றாம் தடவை முள் அவர் விரும்பிய இடத்தில் நின்றது.

வேலைக்கிடையில் கேட்டேன், எங்கே பழகினீர்கள் என்று. தொண்ணூறுகளில் யுத்தத்தின்போது வடக்குக்குப் போட்டிருந்த பொருளாதாரத் தடையைச் சொன்னார். டீசல் இல்லை, மண்ணெண்ணெயில் எண்ணெய் கலந்து ஓட்டினார்களாம். இந்த வகைப் பம்புக்கு உள்ளே தனியாக எண்ணெய் கிடையாது, ஓடுகிற டீசல்தான் அதற்கு வழுவழுப்பு. மண்ணெண்ணெய் அதைத் தின்றுவிடும். பழுதான பம்புகளை இரவில் குப்பி விளக்கில் பிரித்துப் பிரித்துத்தான் பழகினாராம்.

பில்டரின் கைப்பம்பை அமுக்கிக் காற்றை எடுத்தோம். இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. பழைய சத்தம், நான் பள்ளிக்கூடம் போகும்போது ஒழுங்கை முனையில் கேட்ட அதே சத்தம். புகை இல்லை. ஐயா கேட்டது நாலாயிரம் ரூபாய். கூடக் கொடுத்தபோது எண்ணிப் பார்த்து மிச்சத்தைத் திருப்பித் தந்தார். எனக்கு இருந்த சந்தோசத்தில் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

நாங்கள் புறப்படும்போது ஐயா ஒரு சின்ன உளியால் பம்பில் புதுக் கோடு கீறினார். சித்தப்பா வீட்டுக்கு வந்ததும் மிச்சம் கிடந்த வெள்ளைப் பெயின்ற் டப்பாவைத் தேடி எடுத்து, ஒரு ஈர்க்குக் குச்சியால் அந்தக் கோட்டை நிரப்பினார்.