எத்தியோப்பிய ஆலையில் பங்கு வாங்கும் முன் நாங்கள் பெற்ற தொழிலாளர் இடர் அறிக்கை: ஒரு மதிப்பீடு

திருப்பூரில் பனியன் தொழில் செய்யும் எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் சேர்ந்து, எத்தியோப்பியாவின் ஹவாசா நகரில் இயங்கும் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் பங்கு வாங்கலாமா என்று ஓராண்டுக்கு மேலாக யோசித்து வந்தோம். இடம், மின்சாரம், வரி, கப்பல் வாடகை ஆகியவற்றுக்கெல்லாம் எங்கள் ஆடிட்டர் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். வேலைக்கு வருகிறவர்கள் நிலைப்பார்களா, எதனால் நிற்பார்கள், எதனால் போவார்கள் என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. அதற்காகவே கோவையில் உள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் தொழிலாளர் இடர் ஆய்வுச் சேவையைப் பெற்றோம். குறைகளையும் எழுதப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இப்படிப்பட்ட சேவையை நாடுகிறவர்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

கட்டணம் 2,40,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஒரு வாரத் தாமதத்துடன் எட்டாவது வாரத்தில் 70 பக்க ஆங்கில அறிக்கை வந்தது; அரை நாள் நேரில் விளக்கமும் தந்தார்கள். அறிக்கையின் சாரத்தைத் தமிழில் 12 பக்கங்களாகத் தனியே எழுதிக் கொடுத்தது, பணம் போட வேண்டியவரும் ஆங்கிலம் படிக்காதவருமான என் பெரியப்பாவுக்குப் பேருதவியாக இருந்தது.

அறிக்கையின் உயிர் அதன் மூன்றாவது பகுதியில் இருக்கிறது. ஹவாசா பகுதியின் சிடாமா மொழியும் எத்தியோப்பியாவில் பரவலாகப் பேசப்படும் அம்ஹாரிக்கும் தெரிந்த உள்ளூர்ப் பெண்கள் இருவரை அமர்த்தி, ஞாயிற்றுக்கிழமைகளில், ஆலைக்கு வெளியே, தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும் அறைகளுக்கே போய்ப் பேச வைத்திருக்கிறார்கள். மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் வரும் பதில் எப்படியிருக்கும் என்பது சரக்கு வாங்கும் பையர் தொழிலாளர் நிலையைச் சோதிக்க அனுப்பும் ஆடிட்டரைப் பலமுறை பார்த்த எங்களுக்கு நன்றாகத் தெரியும். இங்கே வந்த பதில்கள் வேறு வகையானவை. ஓர் அறையை நான்கு பேர் பகிர்ந்துகொள்வது, வாடகையும் சாப்பாடும் போக ஊருக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாதது, இருட்டிய பிறகு ஷிப்ட் முடிந்து நடந்து வர அஞ்சுவது, தங்களுக்குப் புரியாத மொழியில் சூப்பர்வைசர் சத்தம் போடுவது ஆகிய நான்கையும், எது எத்தனை பேரை வேலையை விட வைத்தது என்ற வரிசையில் தந்திருக்கிறார்கள். ஒரு பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் கொடுத்த பிறகு திங்கட்கிழமை எத்தனை பவர் டேபிள் (தையல் மேசை) காலியாகக் கிடக்கிறது என்பதைப் பார்த்தே நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் இது. அதைப் பிற நாட்டு ஆலை ஒன்றைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடிந்ததற்கு மட்டுமே அந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

விளக்கக் கூட்டத்தில் பெரியப்பா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஏனுங்க, அங்க நோம்பிக்கு ஊருக்குப் போறவங்க திரும்பி வருவாங்களா?" தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போனவர்களை எதிர்பார்த்து ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தவருக்கு இதைவிடப் பெரிய கேள்வி இருக்க முடியாது. சிடாமா மக்களின் புத்தாண்டான ஃபிச்சே சம்பலாலாவின் தேதியை அச்சடித்த காலண்டரில் தேட முடியாது, நட்சத்திரங்களைக் கணிக்கும் பெரியவர்கள் அறிவித்த பிறகே அது உறுதியாகும், ஆகவே ஏற்றுமதித் தேதியை அதற்கு ஒட்டி வைக்கக் கூடாது என்று அவர்கள் விளக்கினார்கள். அதைக் கேட்ட பிறகுதான் பெரியப்பா அறிக்கையை மடியில் வைத்துப் புரட்டத் தொடங்கினார்.

கூலியைப் பற்றிய பகுதியும் நன்றாக வந்திருக்கிறது. எத்தியோப்பியாவில் தனியார் துறைக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் கிடையாது. ஹவாசா தொழிற்பூங்கா 2016இல் திறக்கப்பட்டது. அங்குள்ள ஆலைகளைப் பற்றி நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் வணிகப் பள்ளி மையம் 2019இல் வெளியிட்ட ஆய்வு, அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டாலர் என்றும், ஆடை உற்பத்தி செய்யும் நாடுகளில் அதுவே மிகக் குறைவு என்றும் சொன்னது. அதே ஆய்வு, முதல் ஆண்டில் வேலையில் இருந்தவர்களின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ இணையானவர்கள் வெளியேறியதையும் பதிவு செய்தது. எங்கள் ஆடிட்டரின் தாளில் முதல் எண் மட்டுமே இருந்தது. ஒரு டெய்லரைப் பழக்கி எடுக்க ஆகும் மாதங்கள், அதற்குள் வரும் டேமேஜ், தப்பிப் போகும் ஏற்றுமதித் தேதி ஆகியவற்றைச் சேர்த்து, ஒரு சட்டைக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று இந்த அறிக்கை கணக்கிட்டுக் காட்டியபோது, திருப்பூருக்கும் ஹவாசாவுக்கும் இடையே நாங்கள் நினைத்திருந்த வித்தியாசத்தில் பாதிக்குமேல் கரைந்துவிட்டது. 2024 ஜூலையில் அந்நாட்டு அரசு பிர் நாணயத்தின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்டபின் அது கடுமையாகச் சரிந்ததையும், டாலர் கணக்கில் கூலி இன்னும் மலிவானதாகத் தோன்றும் அந்த நேரத்தில்தான் எண்ணெய் விலையும் மாவு விலையும் ஏறி ஆட்கள் வெளியேறும் அபாயம் கூடுகிறது என்பதையும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

சட்ட ஒப்பீட்டு அட்டவணை சுருக்கமானது, பயனுள்ளது. பகல் நேர ஓவர்டைமுக்கு நம் நாட்டுச் சட்டம் இரட்டைக் கூலி சொல்ல, அவர்களுடைய 2019ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஒன்றரை மடங்கு சொல்கிறது; மகப்பேற்று விடுப்பு 120 நாட்கள்.

இனி குறைகளுக்கு வருகிறேன். ஆலைப் பாதுகாப்பைப் பற்றிய பகுதியை அவர்கள் காகிதங்களை வைத்தே எழுதியிருக்கிறார்கள். தொழிலாளர் நிலையைச் சோதித்துத் தரப்படும் சமூகத் தணிக்கைச் சான்றிதழ் ஆலையிடம் இருப்பதைக் காட்டி, "குறைந்த இடர்" என்று முடித்துவிட்டார்கள். கராச்சியில் 2012 செப்டம்பரில் தீப்பிடித்து 250 பேருக்கு மேல் இறந்த ஆலை, அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அதே வகையைச் சேர்ந்த எஸ்.ஏ. 8000 சான்றிதழ் பெற்றிருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற வங்கதேசத்தின் ராணா பிளாசா ஆலைக் கட்டடத்தில், விரிசலை முந்தைய நாளே எல்லோரும் பார்த்தார்கள். கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது, தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை மேலே ஏற்றினார்கள். இவ்வளவும் நடந்த பிறகு, அவசர வழிக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, பூட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று போய்ப் பார்க்காமல் ஒரு பாதுகாப்புப் பகுதியை எழுதலாமா? கேட்டோம், ஆலைக்குள் போக அனுமதி கிடைக்கவில்லை என்றார்கள். அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தியே முதல் பக்கத்தில் வந்திருக்க வேண்டிய ஒன்று.

எல்லா இடர்களுக்கும் சேர்த்து நூற்றுக்கு 61 என்று ஒரே மதிப்பெண் போட்டிருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஆட்கள் வெளியேறுவதும் ஆலை தீப்பிடிப்பதும் கூட்டிக் கழித்துச் சராசரி எடுக்கக்கூடிய விஷயங்கள் அல்ல.

மூன்றாவது குறை இன்னும் பெரியது. ஆப்பிரிக்க நாடுகளின் ஏற்றுமதிக்கு அமெரிக்கா வழங்கிய ஆகோவா வரிச்சலுகையை எத்தியோப்பியா 2022 ஜனவரி 1 அன்று இழந்ததையும், ஹவாசாவின் முதன்மையான அமெரிக்க நிறுவனம் அதற்கு முன்பே தன் ஆலையை மூடியதையும் "அரசியல் இடர்" என்ற தலைப்பில் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டார்கள். அங்கே வேலை செய்த பெண்களுக்கு என்ன ஆயிற்று, ஆலை மூடினால் கொடுக்க வேண்டிய பணிநீக்கத் தொகையை யார் எந்தக் கணக்கில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது இல்லை. பங்கு வாங்குகிறவனுக்கு அது நாளை வரப்போகும் கடன். வேலை செய்கிறவளுக்கு அது ஊர் போய்ச் சேரும் பஸ் கட்டணம்.

பரிந்துரைகளில் ஒன்று மட்டும் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. தொழிலாளர்களின் மொழியிலேயே குறை கேட்கும் ஆள் ஒருவரை, உற்பத்திப் பிரிவுக்குக் கட்டுப்படாதவராக, முதல் நாளிலிருந்தே வைக்க வேண்டும் என்கிறார்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது, எங்கள் யூனிட்டில் பீகாரிலிருந்து வந்திருந்த பையன்கள் இரண்டே நாளில் துணிகளைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனார்கள். அவர்களிடம் இந்தியில் உட்கார்ந்து பேச எங்களிடம் யாரும் இல்லை. கட்டிங்கில் இந்தி தெரிந்த மேஸ்திரியின் கீழ் இருந்த ஆறு பேர் மட்டும் தங்கினார்கள்.

நாங்கள் எடுத்த முடிவையும் சொல்லிவிடுகிறேன். முழுத் தொகையையும் ஒரே முறையில் போடாமல் மூன்று தவணைகளாகப் பிரித்திருக்கிறோம். கட்டடத்தையும் தீ வழிகளையும் தனிப் பொறியாளர் நேரில் பார்ப்பது இரண்டாம் தவணைக்கும், பணிநீக்க நிதிக்குத் தனி வங்கிக் கணக்குத் திறப்பது மூன்றாம் தவணைக்கும் நிபந்தனை. கோவை நிறுவனத்திடம் மறுபடியும் போயிருக்கிறோம். இம்முறை ஞாயிற்றுக்கிழமை அறைகளில் போய்ப் பேசும் அந்த ஒரு பகுதியை மட்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்து தரும்படி கேட்டிருக்கிறோம். அதற்கு 70,000 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பா பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார்.