சுருளைத் தொட்டிக்குள் விடுவதா, வெளியே சுற்றுவதா?

பழைய ஜன்னல் ஏ.சி.யின் கம்ப்ரசரை வைத்து வீட்டிலேயே ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் செய்வதற்கு மதுரை தோதான ஊர். மார்கழி விடியலிலும் காற்று 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. காற்றிலுள்ள சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் கருவிக்கு வேறென்ன வேண்டும்? 100 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 52-க்குக் கொண்டுபோகக் கீசருக்கு ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரம் ஆகும். ஒழுங்காகச் செய்த ஹீட் பம்ப் ஒரு யூனிட் சொச்சத்தில் முடித்துவிடும்.

கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான கேஸ் ஓடும் செம்புச் சுருளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கவிட்டால் சூடு நேராகத் தண்ணீரில் இறங்கும். ஏட்டுக் கணக்கில் இதுதான் சிறந்தது. நம் போர் தண்ணீர் அந்தக் கணக்கைக் கலைத்துவிடுகிறது. புறநகர் வீடுகளில் கீசர் காயிலைக் கழற்றிப் பாருங்கள்: விரல் தடிமனுக்கு வெள்ளைப் பொருக்கு, தட்டினால் ஓடு ஓடாக உதிரும். அதுவே சுருளில் படிந்தால் சூடு இறங்காது, அழுத்தம் ஏறும், மின்செலவும் ஏறும். செம்பில் ஓட்டை விழுந்தாலோ கம்ப்ரசர் எண்ணெய் குளிக்கிற தண்ணீரில் கலக்கும். கேஸ் போனபின் தண்ணீர் கம்ப்ரசருக்குள் புகும்.

ஆகவே வெளியே சுற்றுவதே என் கட்சி. தொட்டியின் கீழ்ப்பாதியில் நெருக்கமாகச் சுற்றி, இடைவெளியில் வெப்பப் பசை பூசி, அலுமினிய டேப் ஒட்டி, மேலே கண்ணாடிக் கம்பளி போர்த்த வேண்டும். மின்சாரம் சற்றுக் கூடுதலாகப் போகும், போகட்டும். மாநகராட்சித் தண்ணீர் மட்டும் புழங்கும் வீட்டில் உள்சுருளை யோசிக்கலாம்.

கட்டுப்பாட்டுக்குக் கீசர் தெர்மோஸ்டாட்டா, நிரல் எழுதி ஓட்டும் சின்ன மின்னணுப் பலகையான ஆர்டுயினோவா? ஆர்டுயினோ எனக்குப் பிடித்தமானது. வெப்பநிலையைக் காட்டும், காற்று சூடேறிக் கிடக்கும் நடுப்பகலில் ஓட்டும். ஆனால் தெர்மோஸ்டாட்டோடு ஒரு டைமரைச் சேர்த்தால் அதே வேலை நடந்துவிடும், கெட்டால் எந்த எலக்ட்ரீஷியனும் மாற்றித் தருவார்.

எதை வைத்தாலும் இரண்டில் விட்டுக்கொடுக்கக் கூடாது. மின்சாரம் போய் வந்தால் 3 நிமிடம் கழித்தே கம்ப்ரசர் கிளம்ப வேண்டும். நிரலில் இதை எழுத மறந்தாலும் ஏ.சி. ஸ்டெபிலைசரின் டைம் டிலே காப்பாற்றும். அடுத்தது அழுத்தம். பழைய ஏ.சி.களில் இருக்கும் ஆர்-22 கேஸ் 60 டிகிரியில் ஏறத்தாழ 24 பார் அழுத்தத்தில் நிற்கும். கேஸ் தண்ணீரைவிடச் சூடாக இருந்தாக வேண்டும் என்பதால், தண்ணீரை 55-க்கு மேல் சூடாக்க ஆசைப்பட வேண்டாம். உயர் அழுத்த சுவிட்சின் ஒயரை ஆர்டுயினோவுக்குக் கொண்டுபோகாமல், கம்ப்ரசருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரின் காயிலோடு நேராகத் தொடரில் இணையுங்கள். நிரல் உறைந்து நின்றாலும் அது கம்ப்ரசரை நிறுத்திவிடும்.