பத்து நிமிடத்தில் விண்ணப்பிக்கலாம் என்றார்கள், ஏழு வாரம் ஆனது

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் கிராஜுவேட் சர்டிஃபிகேட்டுக்கு விண்ணப்பித்து, இடமும் கிடைத்து, இப்போது முதல் பாடத்தின் இரண்டாம் வாரத்தில் இருக்கிறேன். பாடம் எப்படிப் போகிறது என்று எழுத இன்னும் நாள் இருக்கிறது. இது விண்ணப்பிக்கும் படலத்தைப் பற்றிய விமர்சனம் மட்டும்தான். பெயர் சொல்லப் போவதில்லை, இன்னும் ஒரு வருஷம் அவர்களிடம்தான் மார்க் வாங்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நானே இரண்டு மாதம் இதில் சுற்றினேன். டேட்டா சயின்ஸ் சான்றிதழ் என்று தேடினால் வந்து குவிவதெல்லாம் ஒரே சரக்கு இல்லை. வீடியோ பார்த்து, க்விஸ் முடித்து, பி.டி.எஃப். இறக்கிக்கொள்வது ஒரு வகை. அதற்கு யாரும் உங்களைத் தேர்ந்தெடுப்பதில்லை, கார்டு நம்பர் இருந்தால் போதும். கிராஜுவேட் சர்டிஃபிகேட் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பாடங்களிலேயே நாலைந்தை எடுத்துப் படிப்பது, பெரும்பாலும் 12 முதல் 15 கிரெடிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் புள்ளி) வரை. மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலில், ஏறும். பிறகு அங்கேயே மாஸ்டர்ஸ் சேர்ந்தால், விதி இடம் கொடுத்தால், அந்த கிரெடிட்டுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். மாஸ்டர்ஸுக்கு 30 கிரெடிட்டுக்கு மேல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு முன்கூட்டியே முடிந்த மாதிரி. இரண்டுக்கும் நடுவில் எம்.ஐ.டி. நடத்தும் மைக்ரோமாஸ்டர்ஸ் போல ஒன்று இருக்கிறது. அதில் சேர விண்ணப்பமே வேண்டாம், படித்துத் தேறிவிட்டுப் பிறகு மாஸ்டர்ஸுக்குப் போய்க் கதவைத் தட்டலாம். இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்குத் தலை சுற்றினால் அந்த வழியைப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இணையதளத்தில் பெரிய எழுத்தில் "பத்தே நிமிடத்தில் விண்ணப்பிக்கலாம்" என்று போட்டிருந்தது. விவரக் கையேடு வேண்டும் என்று பெயர், மின்னஞ்சல், ஃபோன் நம்பர் கொடுத்தேன். கொடுத்த இருபதாவது நிமிடம் அழைப்பு. "என்ரோல்மென்ட் அட்வைசர் பேசறேங்க, உங்க கனவு என்ன சொல்லுங்க" என்றார். நான் என் கனவைச் சொல்லாமல், லீனியர் அல்ஜீப்ரா (மேட்ரிக்ஸ் கணக்கு) முன்கூட்டியே படித்திருக்க வேண்டுமா, பாடத்துக்குள்ளேயே சொல்லித் தருவார்களா என்று கேட்டேன். "அதெல்லாம் பார்த்துக்கலாங்க, இந்த வாரத்துக்குள்ள அப்ளை பண்ணிட்டா விண்ணப்பக் கட்டணம் கிடையாது" என்றார். மறுநாள் மறுபடியும். ஒரு வாரத்தில் ஆறு அழைப்பு, ஒவ்வொன்றும் புதுப்புது நம்பரில்.

பிறகுதான் புரிந்தது, அவர் பல்கலைக்கழகத்தின் ஆளே இல்லை. ஆன்லைன் படிப்புகளுக்கு விளம்பரம் செய்வது, ஆள் சேர்ப்பது, ஃபோனில் துரத்துவது எல்லாவற்றையும் வெளி நிறுவனங்களிடம் கொடுத்துவிடும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. கட்டணத்தில் ஒரு பங்கு அந்த நிறுவனத்துக்குப் போகும். அவர் அவசரப்படுத்தியதில் ஆச்சரியம் இல்லை, அவர் வேலை அது. மின்னஞ்சல் முகவரியில் பல்கலைக்கழகத்தின் டொமைன் இருக்கிறதா என்று பார்த்தால் யாரோடு பேசுகிறோம் என்று ஓரளவு தெரியும், ஓரளவுதான், சில இடங்களில் அந்த முகவரியையும் கொடுத்து வைத்திருப்பார்கள். நான் துறையின் பக்கத்துக்குப் போய், புரோகிராம் கோஆர்டினேட்டர் என்று போட்டிருந்த முகவரிக்கு அதே கேள்வியை எழுதினேன். இரண்டு நாளில் நாலு வரியில் பதில் வந்தது. மேட்ரிக்ஸ் பெருக்கலும் ஐகன்வேல்யூவும் தெரிந்திருக்க வேண்டும், கால்குலஸில் பகுதி வகையிடல் வரை வேண்டும், பைத்தானில் ஃபங்ஷன் எழுதத் தெரிந்தால் போதும், சந்தேகமாக இருந்தால் இந்த சுயபரிசோதனையை எழுதிப் பாருங்கள் என்று ஒரு இணைப்பு. இந்த ஏழு வாரத்தில் யாருக்காவது ஐந்து நட்சத்திரம் கொடுக்க வேண்டுமென்றால் அந்த ஆளுக்குத்தான் கொடுப்பேன்.

அந்த சுயபரிசோதனை நல்ல விஷயம். இருபது கேள்வி, யாரும் திருத்துவதில்லை, கடைசியில் விடை தெரியும். ஒன்று இப்படி: நூற்றில் ஒருவருக்கு ஒரு நோய். இருப்பவரை 99 சதவீதம் சரியாகப் பிடிக்கும், இல்லாதவரையும் 99 சதவீதம் சரியாக இல்லை என்று சொல்லும் ஒரு சோதனை. உங்களுக்கு பாசிட்டிவ் வந்துவிட்டது, நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? நான் யோசிக்காமல் 99 என்று போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். விடை 50. பத்தாயிரம் பேரை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், நோயுள்ள 100 பேரில் 99 பேருக்கு பாசிட்டிவ், நோயில்லாத 9,900 பேரிலும் தவறாக 99 பேருக்கு பாசிட்டிவ், ஆகப் பாதிக்குப் பாதி. இருபதுக்குப் பதினொன்று வாங்கினேன். விண்ணப்பத்தை ஒரு மாதம் தள்ளிப்போட்டு நிகழ்தகவைத் தூசி தட்டினேன். இப்போது முதல் பாடத்தில் மூச்சு முட்டாமல் இருப்பதற்கு அந்த ஒரு மாதம்தான் காரணம். ஃபோன் செய்தவர் பேச்சைக் கேட்டிருந்தால் கட்டணம் மிச்சமாகியிருக்கும், நான் மாட்டியிருப்பேன்.

இனி போர்ட்டல், அதாவது விண்ணப்பத்தை நிரப்பும் தளம். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் பத்து நிமிடம்தான், அதில் பொய் இல்லை. பதினோராவது நிமிடத்தில் டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும்.

என் பழைய கல்லூரி டிஜிட்டல் கையொப்பம் போட்ட பி.டி.எஃப். கொடுத்தது, 6 எம்.பி. போர்ட்டலில் 2 எம்.பி.க்கு மேல் ஏறாது. நான் என்ன செய்தேன், ஃபைலைத் திறந்து, பிரின்ட் கொடுத்து, "சேவ் ஆஸ் பி.டி.எஃப்." போட்டு, அளவைக் குறைத்து ஏற்றிவிட்டேன். பார்க்க அச்சு அசலாக அதேதான். ஆனால் அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் டிஜிட்டல் கையொப்பம் போய்விடும், மிஞ்சுவது கையொப்பத்தின் படம் மட்டும். இரண்டு வாரம் கழித்து "ஆவணத்தைச் சரிபார்க்க இயலவில்லை" என்று ஒரு வரி வந்தது, என்ன பிழை, என்ன செய்ய வேண்டும், ஒன்றும் இல்லை. மறுபடியும் கோஆர்டினேட்டருக்கே எழுதினேன். கல்லூரியிலிருந்து நேராக அட்மிஷன் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள், அளவுப் பிரச்சினை வராது என்றார். அந்த ஒரு வாக்கியத்தை ஏற்றுகிற இடத்திலேயே எழுதி வைத்திருந்தால் இரண்டு வாரம் மிச்சம். இன்னொன்று, மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் கிரேடு விளக்கம் அச்சாகியிருக்குமே, அதையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், அதை யாரும் ஸ்கேன் செய்வதே இல்லை. சதவீதத்தை 25ஆல் வகுத்து, நாலுக்கு இவ்வளவு என்று ஜி.பி.ஏ. போடும் வேலையும் வேண்டாம். உங்கள் கல்லூரி எந்த அளவுகோலில் கொடுத்ததோ அதையே போடச் சொல்லி குறிப்பில் சின்ன எழுத்தில் இருக்கிறது.

பரிந்துரைக் கடிதம் இரண்டு. இதுதான் எனக்கு நரை வரவழைத்த பகுதி. கடிதத்தை நீங்கள் ஏற்ற முடியாது, எழுதுபவரின் மின்னஞ்சலைக் கொடுக்க வேண்டும், அவருக்கு இணைப்பு போகும். ஜிமெயில் போன்ற இலவச முகவரி ஏற்காது, நிறுவன முகவரிதான் வேண்டும். என் பழைய பேராசிரியரின் முகவரியைக் கொடுத்துவிட்டுப் பத்து நாள் காத்திருந்தேன். கேட்கவும் கூச்சம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில் அழைத்தேன்.

"சார், அந்த லெட்டர்..."

"எந்த லெட்டர்ப்பா? எனக்கு ஒண்ணும் வரலையே."

"ஸ்பாம்ல ஒரு தடவை பார்க்கறீங்களா சார்?"

கொஞ்ச நேரம் மௌனம், மவுஸ் க்ளிக் சத்தம் மட்டும். "ஆமா, இங்கதான் கிடக்கு. ஆனா லிங்க் காலாவதின்னு சொல்லுதே."

இணைப்பின் ஆயுள் ஏழு நாள். மறுபடி அனுப்பும் பட்டன் போர்ட்டலில் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது "விண்ணப்ப நிலை" என்ற பக்கத்தில் மூன்றாவது தாவலுக்குள், ஒரு பென்சில் படத்துக்குப் பின்னால். திறந்து பார்த்தால் கடிதத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு படிவம் வேறு: இந்த மாணவர் நுண்ணறிவில் மேலே ஐந்து சதவீதமா, பத்தா, இருபத்தைந்தா என்று எட்டு வரிசை. "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி க்ளாஸ்ல நீ மூணாவது பெஞ்சுல இருந்தேன்னு ஞாபகம் இருக்கு, இதுக்கெல்லாம் நான் என்ன போடறது" என்று சிரித்தார். என் ரெஸ்யூமேயையும், நான் அவரிடம் செய்த புராஜெக்டைப் பற்றி அரைப் பக்கக் குறிப்பையும் முதலிலேயே அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பியது அப்புறம்தான். இரண்டாவது கடிதம் மேனேஜரிடம். அவர் கேட்ட அன்றே முடித்துவிட்டார், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ், அதாவது ஏன் படிக்க விரும்புகிறோம் என்ற கட்டுரை, 600 சொல்லுக்குள். ஏ.ஐ.யிடம் கேட்டுப் பார்த்தேன், "சிறு வயது முதலே தரவுகள் சொல்லும் கதைகளால் ஈர்க்கப்பட்டேன்" என்று ஆரம்பித்தது. சிறு வயதில் நான் ஈர்க்கப்பட்டதெல்லாம் கார்ட்டூனால். அதை மூடிவிட்டு நானே எழுதிய முதல் வரைவில் டைட்டானிக் புராஜெக்டைப் பெருமையாகப் போட்டிருந்தேன். டேட்டா சயின்ஸ் போட்டிகள் நடத்தும் கேகிள் தளத்தில் இருக்கும் அந்த 891 பயணிகளின் பட்டியல் டேட்டா சயின்ஸ் தொடும் எல்லோரும் தொடுவது, அதை வைத்துப் பழகிவிட்டு மற்ற பயணிகளில் யார் பிழைத்தார் என்று கணிக்க வேண்டும். என் கணிப்பில் 78 சதவீதம் சரியாக இருந்தது. ஏற்கெனவே இதே மாதிரி ஒரு படிப்பை முடித்த நண்பர் படித்துவிட்டு, "பெண்கள் எல்லாரும் பிழைச்சாங்க, ஆண்கள் எல்லாரும் இல்லைன்னு ஒரே ஒரு வரி எழுதினாலே 76 சதவீதத்துக்கு மேல வருது, தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. மாதிரிக்கு என்று கேகிளே கொடுத்து வைத்திருக்கும் விடைத்தாள் அதுதான். என் இருநூறு வரி புரோகிராம் அந்த ஒரு வரிக்கு மேல் சேர்த்தது இரண்டு சதவீதம்கூட இல்லை.

தூக்கிப்போட்டுவிட்டு, அலுவலகத்தில் நடந்ததை எழுதினேன். வாராந்திர அறிக்கைக்காக இரண்டு ஷீட்டை வாடிக்கையாளர் எண்ணை வைத்து இணைத்தேன், 4,000 வரி இருந்தது 11,000 வரியாகிவிட்டது. விற்பனை மூன்று மடங்காகிவிட்டதாக மேலே எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். பார்த்தால் இரண்டு ஷீட்டிலும் ஒரே எண் பல முறை வந்திருக்கிறது, ஒவ்வொன்றும் மற்றதோடு ஜோடி சேர்ந்து பெருகிவிட்டது. அதைக் கண்டுபிடித்தது, மேலே போய்ச் சொன்னது, அவர்கள் முகம் போன போக்கு, இதற்குப் பிறகு நான் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான் முழுக் கட்டுரையும். இடம் கிடைத்ததற்கு இதுதான் காரணமா என்று எனக்கு எப்படித் தெரியும், ஆனால் எழுதும்போது கை நடுங்கவில்லை.

ஆங்கிலத் தேர்வு பற்றி ஒரே வரி: ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் இரண்டின் மதிப்பெண்ணுக்கும் ஆயுள் இரண்டு வருஷம், என்னுடையது மூன்று வாரத்துக்கு முன் காலாவதி. பட்டப்படிப்பு ஆங்கிலவழி என்று கல்லூரியிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள், எல்லா இடத்திலும் ஏற்பார்கள் என்று நினைக்க வேண்டாம். முதுநிலைச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வு கேட்கவில்லை. கடைசி நாள் இரவு 11:59 என்பது அவர்கள் ஊர் நேரம், உங்கள் நேரத்துக்கு மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவு பதினெட்டு நாளில் வந்தது, நிபந்தனையோடு: முதல் இரண்டு பாடத்திலும் பி கிரேடுக்குக் கீழே போகக் கூடாது. கட்டணம் கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று தெளிவாக இருந்தது, ஆனால் ஒவ்வொரு பருவத்துக்கும் டெக்னாலஜி கட்டணம் தனி என்பதை சேர்க்கைக் கடிதத்தில்தான் பார்த்தேன். கேள்விப் பதில் பக்கத்தில் ஏழாவது கேள்வியில் இருக்கிறதாம், போய்ப் பார்த்தேன், இருக்கத்தான் இருக்கிறது.

யாருக்கு இது? மாஸ்டர்ஸ் எண்ணம் இருக்கிறது, நேரடியாகக் குதிக்கப் பயம், முதலில் காலை நனைத்துப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இவ்வளவு அலைச்சலும் தகும். தரவைக் கையாள பாண்டாஸும் எஸ்.க்யூ.எல்.லும் கற்றுக்கொண்டு அலுவலகத்தில் வேலையைச் சுலபமாக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றால் வேண்டாம், இலவசமாகவே ஏராளம் கிடக்கிறது. விண்ணப்ப அனுபவத்துக்கு மட்டும் ஐந்துக்கு இரண்டரை, அதில் இரண்டு அந்தக் கோஆர்டினேட்டருக்கு.

போன வாரம் அவரிடமே கேட்டேன், நாளைக்கு மாஸ்டர்ஸுக்கு மாறினால் இந்தக் காகிதமெல்லாம் மறுபடியும் அனுப்ப வேண்டுமா என்று. ஒரு வருஷத்துக்குள் என்றால் வேண்டாம், அதற்கு மேல் என்றால் டிரான்ஸ்கிரிப்ட் மட்டும் புதிதாக வேண்டும் என்றார். கல்லூரி கொடுத்த அந்த 6 எம்.பி. ஃபைலை இப்போது தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன். ஃபோல்டரின் பெயர் "திறக்காதே, பிரின்ட் போடாதே".