கற்றல் ஏணியோடு 18 ஆண்டுகள்: ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையின் அனுபவம்

2007 ஜூனில் எங்கள் ஈராசிரியர் பள்ளியில் பெஞ்சுகளை வெளியே எடுத்துவிட்டுப் பாய் விரித்தோம். சுவரைச் சுற்றி, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை பூசப்பட்டது. ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேல் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டப்பட்டன. பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் அந்தக் கம்பிப் பந்தலில் தொங்கவிட வேண்டும். பெட்டி பெட்டியாக அட்டைகள் வந்து இறங்கின. செயல்வழிக் கற்றல் எங்கள் ஊருக்கு வந்தது இப்படித்தான்.

ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறை இது. எம்.பி.விஜயகுமார் ஆணையராக இருந்தபோது 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் பரவியது. அன்று முதல் இன்றுவரை, பெயரும் பொருட்களும் மாறினாலும், திறன் அடைவை அடிப்படையாகக் கொண்ட கற்பித்தலை ஏதோ ஒரு வடிவில் நான் கைவிடாமல் செய்து வருகிறேன். மூன்று நாள் பயிற்சியில் கேட்டதை வைத்து இந்த முறையைப் புகழ்கிறவர்களும் திட்டுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். பல ஆண்டுகள் அதோடு வாழ்ந்த ஒருத்தி என்ன சொல்கிறாள் என்பதும் பதிவாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அது எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுவரில் கற்றல் ஏணி, அதாவது கற்க வேண்டியதைப் படிப்படியாகக் காட்டும் படம், தொங்கும். அதன் ஒவ்வொரு படியிலும் ஒரு படச்சின்னம் இருக்கும். பிள்ளை தானே ஏணியைப் பார்த்து, தன் படிக்குரிய அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, உரிய குழுவில் போய் உட்கார வேண்டும். ஆசிரியர் முழுமையாக உதவும் குழு, பாதி உதவும் குழு, சக மாணவர் உதவும் குழு, தானே செய்யும் குழு என்று அறை பிரிந்திருக்கும். அறிமுகம், வலுவூட்டல், பயிற்சி எல்லாம் கடந்து மதிப்பீட்டு அட்டைக்கு வந்து அதைச் சரியாகச் செய்தால்தான் அடுத்த மைல்கல், அதாவது அடுத்த திறன். ஒன்று முதல் நான்கு வரை எல்லா வகுப்புப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். தமிழில் அ, ஆ என்று தொடங்காமல் ட, ப, ம போன்ற எளிய வடிவங்களில் தொடங்கியதால், சில நாட்களிலேயே பிள்ளை 'படம்' என்று ஒரு முழுச் சொல்லை வாசித்துவிடும். அந்தச் சொல்லை வாசித்த நாளில் ஒரு சிறுமி மதிய உணவுக்குக்கூட எழாமல் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இந்த முறையின் அருமை எனக்குத் தைப் பொங்கலுக்குப் பிறகுதான் புரிந்தது. எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போகிறவை. பொங்கல் முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். மழைக்காலம் நெருங்கும்போதுதான் திரும்புவார்கள். பழைய முறையில் அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது வகுப்பு எங்கேயோ போயிருக்கும். அடுத்த வகுப்பின் முதல் பாடத்தை விரித்து முன்னால் வைப்போம். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். மூன்றாம் முறை சூளைக்குப் போகும்போது படிப்பு அங்கேயே நின்றுவிடும். ஏணி வந்த பிறகு, ஜனவரியில் எந்தப் படியில் விட்டதோ ஜூனில் அந்தப் படியிலேயே பிள்ளை காலை வைத்தது. யாரும் அதைப் 'பின்தங்கியது' என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் அறையில் இருந்த 34 பேரும் 34 இடத்தில் இருந்தார்கள். இதற்காக மட்டுமே கூட இந்த முறையை நான் காலமெல்லாம் ஆதரிப்பேன்.

அடுத்தது மதிப்பீடு. இதைக் கணக்கை வைத்துத்தான் சொல்ல முடியும். ஒரு தேர்வில் பத்துக் கழித்தல் கணக்குகள். ஒரு மாணவன் ஏழு சரியாகச் செய்கிறான், மூன்று தவறு. நூற்றுக்கு எழுபது. நல்ல மதிப்பெண் என்று பெற்றோரும் மகிழ்வார்கள், நானும் மகிழ்ந்திருக்கிறேன். தவறான மூன்றையும் எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரிகிறது. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதியிருக்கிறான். இரண்டில் ஏழு போகாது என்பதால் ஏழில் இரண்டைக் கழித்துவிட்டான். மற்ற இரண்டிலும் அதே தவறு. அப்படியானால் இனமாற்றம் (பத்திலிருந்து கடன் வாங்குவது) இல்லாத கழித்தலில் அவனுக்கு முழுத் தேர்ச்சி, இனமாற்றத்துடன் கழித்தலில் ஒன்றுமே இல்லை. எழுபது என்ற எண் இந்த இரண்டையும் கலந்து மூடிவிட்டது. அவனுடைய அடுத்த ஆசிரியர் மூன்றிலக்கக் கழித்தலைத் தொடங்குவார், அவன் அங்கேயும் அதே தவறைச் செய்வான், 'கணக்கு வராத பையன்' என்ற பெயர் அவனுக்கு ஒட்டிக்கொள்ளும். நான் அவனுக்கு ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்தேன். ஒரு கட்டை அவிழ்க்காமல் ஏழு குச்சி எடுக்க முடியாது என்பதை அவன் கையே கண்டுபிடிக்கும்வரை எட்டு நாட்கள் ஆயின. ஒன்பதாம் நாள் நான் கேட்காமலேயே அவன் பலகையில் போய்ப் போட்டான்.

அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1968-லேயே இதை எழுதிவிட்டார். எல்லோருக்கும் ஒரே கால அளவைக் கொடுத்துவிட்டுத் தேர்ச்சி மட்டும் ஆளுக்கு ஆள் மாறுவதை இயற்கை என்று நினைக்கக் கூடாது, காலத்தை மாறவிட்டால் பெரும்பாலோரும் தேர்ச்சி பெறுவார்கள் என்பது அவர் வாதம். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அந்த எட்டு நாட்கள்தான்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தனை குழுக்களும் ஓர் ஆசிரியையும் என்பது காகிதத்தில் இருக்கும்போது அழகாக இருக்கிறது. அறையில், நான் முழு உதவிக் குழுவோடு பாயில் உட்கார்ந்திருக்கும்போது மதிப்பீட்டுக்கு வந்த பிள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நிற்கும். சக மாணவர் உதவிக் குழுவில் கெட்டிக்காரப் பிள்ளை விடையைச் சொல்லிக்கொடுத்துவிடும். அட்டைகள் தொலைந்தால் ஏணியில் ஒரு படியே காணாமல் போகும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: பிள்ளைகள் அட்டையை முடிப்பதையே படிப்பு என்று எண்ணத் தொடங்கினார்கள். "டீச்சர், நான் முயல் முடித்துவிட்டேன்" என்பார்கள். அந்த முயல் சின்ன அட்டைக்குள் என்ன எழுத்து இருந்தது என்று கேட்டால் தெரியாது.

அந்த ஆபத்தில் எனக்கும் பங்கு இருந்தது. யார் எந்தத் திறனை அடைந்தார் என்று குறிக்கும் அடைவு அட்டவணையில் ஒரு மாணவனின் பெயருக்கு நேரே கட்டங்கள் காலியாக இருந்தால் பார்வைக்கு வருகிறவர்கள் காரணம் கேட்பார்கள். ஒரு பார்வை நாளுக்கு முந்தைய மாலையில், ற-ர வேறுபாடு இன்னும் பிடிபடாத மூன்று பிள்ளைகளுக்கு நான் குறியிட்டுவிட்டேன். அவர்களில் ஒருத்தி ஐந்தாம் வகுப்பிலும் 'காற்று' என்பதைக் 'காத்ரு' என்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். திறன் வழிக் கல்வியில் குறியீடு என்பது ஆசிரியர் கொடுக்கும் வாக்குமூலம். அதை மேலிருந்து விரட்டி வாங்கினால் முறை முழுவதும் பொய்யாகிவிடும். காலியான கட்டத்தைக் குற்றமாகப் பார்க்காத மேற்பார்வை வாய்த்த ஆண்டுகளில் என் பிள்ளைகள் உண்மையாகவே படித்தார்கள். மற்ற ஆண்டுகளில் அட்டவணை மட்டும் நிறைந்தது.

பெற்றோரின் வருத்தமும் நியாயமானதே. "புத்தகம் வீட்டுக்கு வருவதில்லை, வீட்டுப்பாடம் இல்லை, எத்தனாவது ரேங்க் என்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். என் பிள்ளை படிக்கிறதா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது, டீச்சர்?" என்று ஒரு தாய் கேட்டார். அதற்கு மறுமொழியாக நான் ஏணியைக் காட்டினேன். அவருக்கு அது புரியவில்லை. அடுத்த ஆண்டு அவர் பிள்ளையை வேனில் ஏற்றி ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்பினார். மாதம் ஒரு நாள் பெற்றோர் முன்னால் பிள்ளையை வாசிக்க வைத்திருந்தால் அவர் இருந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அதைப் பிற்பாடுதான் தொடங்கினேன்.

2012-இல், ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு வந்தது. பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவ முடிவில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. பதிவேடுகள் பெருகின, அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. 2018-க்குப் பின் புதிய பாடநூல்கள் வந்ததும் எங்கள் அட்டைகள் மெல்ல அலமாரிக்குள் போயின.

கொரோனா மூடலுக்குப் பிறகு 2021 நவம்பரில் தொடக்கப்பள்ளி திறந்தபோது, மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பைக்கூட முழுதாகப் பார்த்திராதவர்கள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீண்டது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்தந்த நிலைக்குரிய பயிற்சி நூல் கொடுப்பது அதன் அடிப்படை. பாடத்துக்குப் பாடம் நிலை வேறாக இருக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்தது. கணக்கில் மலர், தமிழில் மொட்டு, ஆங்கிலத்தில் அரும்பு என்று ஒரே சிறுமி மூன்று இடத்தில் இருப்பாள். 'மந்தமான பிள்ளை' என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

ஆனால் பெயர் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் பிள்ளைகள் அதன் பொருளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். "இவன் இன்னும் அரும்புதான்" என்று ஒருவன் சொன்னதும் மற்றவன் அழுதுவிட்டான். அதன்பின் நிலைகளின் பெயரை வகுப்பில் உரக்கச் சொல்வதை நிறுத்திவிட்டேன். இந்தத் திட்டத்தில் கைபேசிச் செயலியில் நடக்கும் மதிப்பீட்டில் எனக்கு இன்னும் நிறைவில்லை. கொடுத்த விடைகளில் ஒன்றைத் தொடுவதும் வெற்றுத்தாளில் ஒரு சொல்லைத் தானே எழுதுவதும் வெவ்வேறு திறன்கள். தொட்டுச் சரியாக்கியதை நான் ஒருமுறை எழுதச் சொல்லியும் பார்க்கிறேன்.

புதிதாக இந்த முறைக்கு வரும் ஆசிரியர்களுக்கு என் பழக்கம் ஒன்று உதவலாம். பிள்ளைக்கு ஒரு திறன் வந்துவிட்டது என்று தோன்றும் நாளில் நான் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைக்கிறேன். பதினைந்து நாள் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், வேறொரு சூழலில் கேட்கிறேன். சத்துணவு வரிசையில் நிற்கும்போது, 'இன்று 52 பேர், 27 பேர் சாப்பிட்டுவிட்டார்கள், மீதி எத்தனை?' என்பேன். சரியாகச் சொன்னால்தான் பேனாவால் குறியிடுவேன். ஏறக்குறைய மூன்றில் ஒரு புள்ளி அந்த நாளில் அழிக்கப்படுகிறது. அழித்ததற்காகப் பிள்ளையிடம் முகம் சுளிப்பதில்லை, குச்சிக்கட்டை மறுபடி எடுக்கிறோம்.

இதற்கென நான் வைத்திருக்கும் நீளநோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம். இந்த ஜூனில் பள்ளி திறந்தபோது சூளைக்குப் போன ஏழு பேரில் நான்கு பேர் திரும்பி வந்தார்கள், அவரவர் பக்கத்தைத் திறந்து விட்ட இடத்தில் தொடங்கினோம். மற்ற மூவரின் வீடு இன்னும் பூட்டியிருக்கிறது. அவர்களில் ஒருவனின் பக்கத்தில் கடைசியாக இருப்பது, இனமாற்றக் கழித்தலுக்கு நேரே ஜனவரியில் வைத்த பென்சில் புள்ளி.