கோஆக்ஸா, ஐபியா, வைஃபையா? டர்பனில் வீட்டுக் கேமரா தொழில் தொடங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் பக்கம் வீடுகளுக்குக் கேமரா பொருத்தும் தொழிலைச் சிறிதாகத் தொடங்க நினைப்பவர், எந்த வகை அமைப்பில் முதலில் கை தேர்வது என்று முடிவுசெய்துவிட்டுத்தான் கருவி வாங்க வேண்டும். சந்தையில் மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, கோஆக்ஸ் கேபிளில் படம் போய் டிவிஆர் என்ற பதிவுப்பெட்டியில் சேரும் அனலாக் எச்டி. இரண்டாவது, ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் போகும் ஐபி. மூன்றாவது வைஃபை. மூன்றையும் ஒரே நேரத்தில் தொட்டால் மூன்றுக்கும் கருவி, மூன்றுக்கும் உதிரி என்று கைக்காசு கரைந்துவிடும். எதிலும் வேகம் வராது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கட்டி முடித்துக் குடியிருக்கும் வீட்டுக்கு 4 சேனல் அனலாக் எச்டி போடுங்கள், ஆனால் கேபிள், நான்கு ஜோடிக் கம்பி கொண்ட கேட்6 நெட்வொர்க் கேபிளாக இருக்கட்டும். புதிதாகக் கட்டும் வீடு, நீண்ட சுற்றுச்சுவர் உள்ள இடம் என்றால் ஐபி. வைஃபை துணைக்கு மட்டும்.

ஏணி எடுப்பதற்கு முன்

எந்த வகையைத் தேர்ந்தாலும் மாறாத ஒன்று பதிவு. தென்னாப்பிரிக்காவின் 2001-ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்புத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகளைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் பாதுகாப்புச் சேவை. கண்காணிப்புக் கேமரா அதில் அடக்கம். ஆகவே நிறுவனமும் வேலை செய்யும் ஆளும் அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் ஆணையமான பிஎஸ்ஐஆர்ஏவில் பதிந்திருக்க வேண்டும். கைரேகை, குற்றப்பதிவுச் சரிபார்ப்பு எல்லாம் உண்டு. நாள் பிடிக்கும், முதலில் அதைத் தொடங்குங்கள். இன்னொன்று: 12 வோல்ட் கேபிளை நீங்கள் இழுக்கலாம். புதிய பிளக் பாயின்ட் வேண்டுமென்றால் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, அவருடைய சான்றிதழை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுங்கள்.

மின்சாரம் போனால் எது நிற்கும்?

மற்ற நாட்டு ஒப்பீடுகளில் படத்தின் தெளிவுதான் முதல் கேள்வி. இங்கே மின்சாரம்தான். 2023-இல் பட்ட அளவுக்கு லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு இப்போது இல்லைதான். ஆனாலும் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் பழுது என்று தெரு இருண்டுபோவது நின்றுவிடவில்லை. திருடனுக்கு வசதியான நேரமும் அதுதான்.

அனலாக் அமைப்பில் கேமரா 12 வோல்ட், வீட்டு டிவிஆர் பெரும்பாலும் 12 வோல்ட், ரவுட்டரும் பல வீடுகளில் 12 வோல்ட். எல்லாம் ஒரே இனம் என்பதால் இன்வெர்ட்டர் இல்லாமல் ஒரே பேட்டரியில் ஓட்டலாம். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது ஒரு கேமரா 4 முதல் 5 வாட் இழுக்கும். நான்குக்கு 18 வாட் என்று வையுங்கள். டிவிஆரும் ஹார்டு டிஸ்க்கும் 14, ரவுட்டர் 10. மொத்தம் 42 வாட்.

கேட் மோட்டாருக்குப் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி கடைதோறும் கிடைக்கிறதே என்று அதையே வைப்பவர்கள் உண்டு. அதன் கொள்ளளவு 84 வாட்-மணி. ஈயப் பேட்டரியில் பாதிக்குமேல் உறிஞ்சினால் சீக்கிரம் செத்துவிடும். ஆக, ஒரு மணி நேரம்தான் தாங்கும். இரண்டு மணி நேர வெட்டுக்கே போதாது. 12.8 வோல்ட் 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 256 வாட்-மணி. அதில் 80 விழுக்காடு எடுத்தாலும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓடும். ஆனால் பேட்டரியை நேரே டிவிஆரில் கொடுக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது அது 14.4 வோல்ட் வரை போகும், ஈய பேட்டரி தீரும்போது 11-க்கும் கீழே இறங்கும். டிவிஆருக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு அந்த ஏற்ற இறக்கம் ஆகாது. நிலையான 12 வோல்ட் தரும் டிசி யுபிஎஸ் நடுவில் இருக்க வேண்டும்.

ஐபி அமைப்பில் என்விஆர் என்ற பதிவுப்பெட்டி கேபிள் வழியாகத் தரும் மின்சாரம் ஏறக்குறைய 48 வோல்ட். அதற்கு இன்வெர்ட்டர் வேண்டும். நான்கு கேமரா, என்விஆர், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து 50 வாட் என்று கொண்டால், இன்வெர்ட்டர் இழப்போடு 59 ஆகிவிடும். அதே பேட்டரியில் மூன்றரை மணி நேரம். வீட்டில் ஏற்கெனவே பெரிய இன்வெர்ட்டரும் சோலாரும் இருந்தால் இந்த வேறுபாடு ஒரு பொருட்டல்ல; இல்லாத வீட்டில் அனலாக் இந்தச் சுற்றை ஜெயிக்கிறது.

ரவுட்டருக்கும், ஃபைபர் வீட்டுக்குள் வரும் சிறு பெட்டிக்கும் பேட்டரி கொடுத்தாயிற்றா என்று எந்த அமைப்பிலும் பாருங்கள். தைப்பூசக் காவடிக்கோ, ஈஸ்டர் வாரத்தில் மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் திருவிழாவுக்கோ குடும்பமே கிளம்பிவிட்டால் வீடு நாள் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். அன்றைக்குக் கைப்பேசியில் படம் வராவிட்டால் அடுத்த நாள் உங்களுக்குத்தான் போன் வரும்.

கேபிள்: எல்லோரும் சறுக்கும் இடம்

அனலாக் என்றதும் ஆர்ஜி59 கோஆக்ஸும் மின்கம்பியும் ஒட்டிவரும் இரட்டைக் கேபிளைத்தான் கடைக்காரர் எடுத்துத் தருவார். வேலை சுலபம், தவறில்லை. ஆனால் ஐந்து வருடம் கழித்து அந்த வீடு ஐபிக்கு மாற நினைத்தால் சுவர் முழுக்க மறுபடி கேபிள் இழுக்க வேண்டும். கேட்6 போட்டு இரு முனையிலும் எச்டி பலுன் (கோஆக்ஸ் இணைப்பை ஜோடிக் கம்பிக்கு மாற்றும் சிறு பொருத்தி) வைத்தால் இன்றைக்கு அனலாக் ஓடும்; நாளைக்கு முனையில் ஆர்ஜே45 நெட்வொர்க் பிளக் அடித்து, கேமராவையும் பெட்டியையும் மாற்றினால் ஐபி. கேபிளைத் தொட வேண்டியதில்லை.

முறை இதுதான். நீல ஜோடி படத்துக்கு. ஒரே ஜோடியின் இரண்டு கம்பிகள்தான் படத்தைச் சுமக்க வேண்டும். ஒரு ஜோடியிலிருந்து ஒன்று, இன்னொன்றிலிருந்து ஒன்று என்று எடுத்தால் படத்தில் நிழல் விழும். மீதி மூன்று ஜோடியிலும் நிறக்கம்பிகள் மூன்றையும் சேர்த்து முறுக்கிப் பிளஸ், வெள்ளைக்கோட்டுக் கம்பிகள் மூன்றையும் சேர்த்து மைனஸ். பழைய தரப் பலுன் 1080பிக்கு ஆகாது, நிறம் வெளிறும். உறையில் எச்டி என்று இருக்கிறதா பாருங்கள். இரு முனையிலும் 40 செ.மீ. கேபிளைச் சுருட்டி விடுங்கள், பிறகு முனை மாற்ற உதவும்.

கேபிள் முழுச் செம்புதானா என்று உறுதிசெய்யாமல் வாங்காதீர்கள். செம்புப் பூசிய அலுமினியம் மலிவு, எடை குறைவு, அதில்தான் கெடுதல். கணக்கைப் பாருங்கள்: 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 40 மீட்டர் தூரத்துக்குப் போகவர 80 மீட்டர், தடை 2.76 ஓம். இரவில் கேமரா 0.4 ஆம்பியர் இழுத்தால் 1.1 வோல்ட் விழும், கேமராவுக்கு 10.9 போய்ச்சேரும். அதே அளவு பூச்சுக் கம்பியில் 1.7 வோல்ட் விழுந்து 10.3 தான் சேரும். கூடவே ஒரு இணைப்பு துருப்பிடித்தால் போதும்: பகலில் நன்றாக ஓடும் கேமரா, இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரிந்த நொடியில் அணைந்து மறுபடி தொடங்கும், விடியும்வரை அதே கதை. புதியவர்கள் கேமராவை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். விளக்கு எரியும்போது கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஐபியில் இந்தச் சிக்கல் குறைவு. 48 வோல்ட்டில் மின்னோட்டம் சிறியது, இழப்பும் சிறியது. கேபிள் நீளத்துக்கு எல்லை 100 மீட்டர். ஆனால் அங்கே வேறொரு எதிரி: உப்புக் காற்று. பிளஃப், இசிபிங்கோ போன்ற கடலோர இடங்களில் வெளியே தொங்கும் ஆர்ஜே45 இணைப்பில் ஈரம் புகுந்தால், மின்சாரமும் சேர்ந்து ஓடுவதால் ஊசிகள் விரைவில் பச்சை பிடித்து அரிக்கும். இணைப்பைப் பெட்டிக்குள் வையுங்கள், மின்கடத்தாக் களிம்பு தடவுங்கள், கேபிள் பெட்டிக்குள் ஏறுமுன் கீழே ஒரு வளைவு விடுங்கள். மழைநீர் அங்கே சொட்டிவிடும். திருகு 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

அனலாக் கோஆக்ஸுக்கே உரிய நோய் ஒன்று: படத்தில் மெல்ல மேலேறும் பட்டைகள். கேமராவின் உலோக உடம்பு இரும்புக் கம்பத்தைத் தொட்டு அங்கே ஒரு எர்த், டிவிஆரில் இன்னொரு எர்த். கேமராவுக்கும் கம்பத்துக்கும் நடுவில் பிளாஸ்டிக் தகடு வைத்தால் போகும். ஒரு நொடிக்கு ஒருமுறை கோடு வெட்டினால் மின்வேலியின் துடிப்பு. கேபிளை வேலியிலிருந்து விலக்குங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோஹன்னஸ்பர்க்கின் லெனேஷியா பக்கம் வேலை கிடைத்தால் கோடை இடி வேறு. தூரத்துக் கேட் கம்பம் வரை செம்புக் கேபிள் ஓடினால் மின்னல் அதிர்வு நேரே பெட்டிக்குள் வரும். இரு முனையிலும் சர்ஜ் தடுப்பான் வையுங்கள். அந்த ஒரு கேமராவுக்கு ஃபைபர் இழுக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதை ஐபியில்தான் எளிதாகச் செய்யலாம்.

படம்: மெகாபிக்சலைவிட லென்ஸ்

8 மெகாபிக்சல் ஐபி அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு முகத்தை அடையாளம் காணச் சர்வதேசத் தரம் சொல்வது ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல். 1080பி படம் 1920 பிக்சல் அகலம், ஆகவே 7.7 மீட்டர் அகலக் காட்சிவரைதான் முகம் தெரியும். 2.8 மி.மீ. லென்ஸில் அந்த அகலம் 3 மீட்டர் தூரத்திலேயே வந்துவிடும். 8 மீட்டர் தள்ளியுள்ள கேட்டுக்கு அதைப் போட்டால் தொப்பி தெரியும், ஆள் தெரியாது. 6 மி.மீ. லென்ஸில் 1080பியே ஏறத்தாழ 8 மீட்டர் வரை முகம் காட்டும். வாசலுக்கு அகல லென்ஸ், கேட்டுக்குக் குறுகிய லென்ஸ் என்று பிரித்தால் மலிவான அனலாக்கே போதும். மனிதன், வண்டி என்று பிரித்தறிவதில் ஐபி முன்னால் நிற்கிறது. புதிய டிவிஆர்களிலும் அது உண்டு, சில சேனல்களுக்கு மட்டும். அது இல்லாத பெட்டியில் வாசல் மாவிலைத் தோரணம் காற்றில் ஆடினாலே எச்சரிக்கை வரும். லென்ஸ் முன் வலை பின்னும் சிலந்தியும் இரவெல்லாம் அதையே செய்யும். தோரணம் தொங்கும் பகுதியை அசைவு எச்சரிக்கையிலிருந்து நீக்கிவிடுங்கள். சிலந்திக்கு மாதமொருமுறை துடைப்பதுதான் வழி.

சேமிப்பு: 1080பி அனலாக் கேமராவை 2 எம்பிபிஎஸ்ஸில் பதிந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் பதினொன்றரை நாள். 4 எம்பிபிஎஸ் ஐபிக்கு அதே பதினொன்றரை நாளுக்கு 2 டிபி வேண்டும். கண்காணிப்புக்கென்றே வரும் டிஸ்க் வாங்குங்கள். கணினி டிஸ்க் நாள் முழுக்க எழுதத் தாங்காது.

வைஃபை

வாடகை வீட்டில், பின்கட்டு அறையில் இருப்பவர்களுக்குச் சுவர் துளைக்க அனுமதி இருக்காது; அவர்களுக்கு இது சரி. இரண்டு செங்கல் சுவர் தாண்டினால் சிக்னல் இளைக்கும். சிக்னலைக் கலைக்கும் கருவி கையில் இருப்பவன் கேமராவைக் குருடாக்கிவிடலாம். பேட்டரி வகை, அசைவு தெரிந்தபிறகே விழிப்பதால் ஆள் நுழைந்த நொடியைத் தவறவிடும். உள்ளே எஸ்டி கார்டு போட்டு, 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 இவற்றில் நெரிசலில்லாத சேனலைப் பிடியுங்கள்.

முதல் கருவிப்பெட்டி

எஸ்டிஎஸ் சுத்தியல் டிரில், 6 மி.மீ., 16 மி.மீ. பிட்கள், ஏணி, கம்பி இழுக்கும் நாடா, ஆர்ஜே45 அடிக்கும் கருவி, கேபிள் டெஸ்டர், மல்டிமீட்டர், அனலாக்கும் ஐபியும் காட்டும் கைத் திரை ஒன்று. 305 மீட்டர் செம்புக் கேட்6 பெட்டி ஒன்றில் 4 கேமரா வீடு இரண்டு, சில சமயம் மூன்று முடியும். 20 மி.மீ. பிவிசி குழாய், பலுன், 12 வோல்ட் சப்ளை எப்போதும் உதிரியாக வண்டியில் இருக்கட்டும்.

1960-களில் எழுந்த சாட்ஸ்வர்த் வீடுகள் போன்ற பழைய குடியிருப்புகளில் கூரைத் தகடு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதில் துளை போடாதீர்கள், ஏறி மிதிக்காதீர்கள். தூசி நுரையீரலுக்குக் கேடு, அதற்குத் தனிச் சட்டவிதிகளும் உண்டு. கேபிளைச் சுவரோரக் குழாயில் கொண்டுபோங்கள். பொதுச்சுவர் கொண்ட இரட்டை வீடுகளில் கேமரா பக்கத்து வீட்டு முற்றத்தைப் பார்க்கும். அந்தப் பகுதியை அமைப்பிலேயே கறுப்பாக மறைத்து, மறைத்ததைப் பக்கத்து வீட்டாருக்கும் திரையில் காட்டிவிடுங்கள்.

ஒப்படைக்கும்போது கணக்கு வாடிக்கையாளரின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும், உங்களுடையதில் அல்ல. தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றியது அந்தச் சொற்களை வைத்துத்தான். ரவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து உள்ளே வரும் வழி) திறந்துவிடாதீர்கள். பெட்டியின் நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். காவல்துறைக்கோ காப்பீட்டுக்கோ கொடுக்கும் பதிவில் அதுதான் முதலில் கேட்கப்படும். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரியில் எல்லாக் கேமராவும் அகச்சிவப்போடு அரைமணி நேரம் ஓடுகிறதா என்று வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே பாருங்கள்.