பிக்கப்பின் முன்பக்கத்தை உயர்த்த ஸ்பேசரா, டார்ஷன் பாரா, புதிய ஸ்பிரிங்கா?

எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிக்கப் ஓட்டுகிறவர்களுக்கு, வண்டியின் மூக்கு இன்னும் இரண்டு விரற்கடை உயர்ந்திருந்தால் நன்றாக இருக்குமே என்ற எண்ணம் ஒருமுறையாவது வந்திருக்கும். மணலி சாலைப் பள்ளங்களும், மழை பெய்தால் வியாசர்பாடிப் பக்கத்துச் சுரங்கப்பாதைகளில் தேங்கும் தண்ணீரும் அந்த எண்ணத்தை வளர்த்துக்கொண்டே இருக்கின்றன. பட்டறையில் கேட்டால் மூன்று வழிகள் சொல்வார்கள். மூன்றிலும் உயரம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த உயரத்துக்காக வண்டியின் எந்தப் பாகம் பாடுபடுகிறது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

உயர்த்துவதால் என்ன கிடைக்கும் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நம் பிக்கப்களில் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்குகளோடு பிணைந்த ஒற்றை ஆக்சில்தான் இருக்கிறது. தரைக்கு மிக அருகில் தொங்குவது பெரும்பாலும் அதன் நடுவிலுள்ள, இரு சக்கரங்களுக்கும் இயக்கத்தைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் உருண்டைதான். முன்பக்க ஸ்பிரிங்கில் என்ன செய்தாலும் அந்த உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றுதான் வழி, அதிலும் டயரின் விட்டம் 20 மி.மீ. கூடினால் 10 மி.மீ. மட்டுமே கிடைக்கும். ஆகவே முன்பக்கத்தை உயர்த்துவதன் ஆதாயம், சரிவிலோ மேட்டிலோ ஏறும்போது பம்பரும் அடித்தகடும் இடிக்காமல் இருப்பதுதான். தேங்கிய தண்ணீரில் துணிந்து இறங்குவதற்கான அனுமதியாக அதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, வண்டி உண்மையில் தாழ்வாக இருக்கிறதா, அல்லது தளர்ந்துபோய் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால், சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். காசிமேட்டில் மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் தண்ணீரும் உப்புக்காற்றும் சேர்ந்து ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தையே அரித்துவிடுகின்றன. அப்படி இடமும் வலமும் வேறுபட்டு இறங்கிய வண்டிக்குத் தேவைப்படுவது பழுதுபார்ப்பு.

இனி வழிகளுக்கு வருவோம். இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவற்றில் முன்பக்கம், சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் மேல், கீழ் என இரட்டை ஆர்ம்களும் சுருளான காயில் ஸ்பிரிங்கும் கொண்டது. அந்த ஸ்பிரிங்குக்குள் நிற்கும் ஷாக் அப்சார்பரின் தலைக்கு மேல் ஒரு வட்டத் துண்டை வைத்து முடுக்குவது ஸ்பேசர் முறை. லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து தந்துவிடுவார்கள், செலவும் மிகக் குறைவு. ஸ்பிரிங் கீழ் ஆர்மின் நுனியில் அல்லாமல் நடுவாக்கில் அமர்ந்திருப்பதால், 25 மி.மீ. துண்டு வைத்தால் சக்கரப் பக்கத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை உயரம் கிடைக்கிறது. பலரும் ஏமாறுவது இந்தக் கணக்கில்தான். ஒரு அங்குலம் கேட்டு, ஒரு அங்குலத் துண்டே வைத்துக்கொண்டு, இரண்டு அங்குலத்துக்கு அருகே உயர்ந்த வண்டியுடன் வீடு திரும்புகிறார்கள். சக்கரம் பள்ளத்தில் முழுக்கத் தொங்கும்போது அது கம்பெனி வகுத்த எல்லைக்கும் கீழே இறங்குகிறது. மேல் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட் தன் கோண எல்லையைத் தொடுகிறது, நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன்சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டும் அளவுக்கு மீறி வளைகிறது. என் வண்டிக்கு 30 மி.மீ. துண்டு வைத்த சில மாதங்களிலேயே வலப்பக்க ஷாஃப்ட்டின் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் முழுவதும் ரிம்மின் உட்பக்கம் தெறித்திருந்தது. துண்டின் விலையைப்போலப் பல மடங்கு அதற்குச் செலவானது.

இதே துண்டை ஷாக்கின் தலைக்கு மேல் வைக்காமல், உள்ளே ஸ்பிரிங்கின் மேல் வைப்பது இன்னொரு வகை. இதில் ஷாக்கின் மொத்த நீளம் மாறாததால் பால் ஜாயிண்ட்டும் ஷாஃப்ட்டும் பழைய எல்லையைத் தாண்டுவதில்லை. ஆனால் சக்கரம் கீழே இறங்குவதற்கான இடம் குறைந்துவிடுவதால், வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது ஷாக் முழுக்க நீண்டு 'டக்' என்று அடிக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மெல்லிய துண்டாக இதையே வைக்கச் சொல்வேன்.

பழைய டாடா சஃபாரியிலும் மிட்சுபிஷி பஜேரோவிலும், அந்தக் காலத்துச் சில பிக்கப்களிலும் காயிலுக்குப் பதில், முறுக்கேறி ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தண்டான டார்ஷன் பார் இருக்கும். அதன் முனையிலுள்ள போல்ட்டை முடுக்கினால் வண்டி எழும்பும்; செலவே இல்லை. முடுக்கினால் பார் கெட்டிப்படும் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியல்ல. பாரின் கெட்டித்தன்மையைத் தீர்மானிப்பவை அதன் நீளமும் தடிமனும் உலோகமும்தான். இறங்கிப்போன வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர இது மிகச் சிறந்த வழி. அதற்கு மேல் ஏற்றினால், ஸ்பிரிங் மேல் துண்டு வைத்ததன் குறை இங்கும் வந்துவிடும்.

மூன்றாவது, சற்று நீளமும் கெட்டியும் கூடிய புதிய காயில் ஸ்பிரிங்கையும் அதற்குப் பொருத்தமான ஷாக்கையும் சேர்த்தே மாற்றுவது. மூன்றிலும் விலை மிகுந்தது இதுதான் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் முன்னால் இரும்பு பம்பரோ, சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சோ மாட்டியிருப்பவர்களுக்கு இதைத் தவிர வேறு வழி சரிவராது, ஏனென்றால் கூடிய எடையைத் தாங்கும் வலு துண்டில் இல்லை. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஷாக்கை விட்டுவைத்தால், கெட்டியான ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க முடியாமல் ஷாக் திணறும். அது வீண் செலவு. இதிலும் உயரம் 40 மி.மீ.க்குள் நிற்பதே நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் ஆர்ம்களின் கோணம் ஸ்பேசருக்கு ஒரு சட்டம், ஸ்பிரிங்குக்கு ஒரு சட்டம் என்று பார்ப்பதில்லை.

லோடு ஏற்றுகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கம்பெனி பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்திருப்பதே, சரக்கு ஏறியதும் வண்டி சமநிலைக்கு வரட்டும் என்பதற்காகத்தான். காலி வண்டியில் முன்னும் பின்னும் ஒரே மட்டமாகத் தெரிய வேண்டும் என்று மூக்கை உயர்த்திவிட்டால், துறைமுகத்திலிருந்து சரக்கோடு கிளம்பும்போது மூக்கு மேலே பார்க்கும், ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். தினமும் பாரம் சுமக்கும் வண்டிக்குத் துண்டு வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியானாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். உயர்த்தினால், முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வான காஸ்டர் குறைந்து, திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராவது மந்தமாகும். டயரும் ஓரத்தில் தேயும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. எனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் கேட்டுக்கொண்டு இறங்குவதே முறை.

நான் அந்த அலுமினியத் துண்டுகளைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்த்து மாற்றி 35 மி.மீ. உயரத்தோடு நிறுத்திக்கொண்டேன். புதிய ஸ்பிரிங் ஓட ஓடச் சிறிது அமர்ந்துவிடும் என்பதால், ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு மட்கார்டு உயரத்தை மீண்டும் அளந்து, அலைன்மென்ட்டையும் ஹெட்லைட்டையும் இரண்டாம் முறை சரிசெய்தேன்.