ஃபார்மலின் வாடையா, தொடுதிரையா?

மலேசியாவின் பீடோங்கில் ரப்பர் ஸ்டோர் பக்கம் வளர்ந்தவனுக்கு, சடலம் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலினின் வாடை அவ்வளவு புதிதில்லை. ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றும் ஃபார்மிக் ஆசிட்டுக்கு அது கிட்டத்தட்டப் பங்காளி. என்ன, ஆசிட் மூக்கைச் சுண்டிவிட்டுப் போய்விடும்; ஃபார்மலின் சட்டையோடு வீட்டுக்கே வரும். நான் உடற்கூறுக் கூடத்தில் உதவியாளராக இருந்த காலத்தில் என் சட்டைக்கு வீட்டில் கொடியே தனி.

அதனால், புதிதாகக் கூடம் அமைப்பவர்கள் "சடலமே வேண்டாம், தொடுதிரை மேசை போதும்" என்று சொன்னால் அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனடோமேஜ் போன்ற மேசையில் உடல் ஆள் நீளத்துக்குப் படுத்திருக்கும். விரலால் தோலை விலக்கலாம், தப்பாக வெட்டினால் பழையபடி ஆக்கிவிடலாம். இதற்கு வழி போட்டது அமெரிக்காவின் விசிபிள் ஹியூமன் திட்டம். 1994-இல் ஓர் ஆணின் உடலை 1 மில்லிமீட்டர் இடைவெளியில் சீவி எடுத்த படங்களை வெளியிட்டார்கள். குறுக்குவெட்டையும் சிடி ஸ்கேனையும் பக்கத்தில் வைத்துச் சொல்லித்தர இதுபோல் வேறொன்று இல்லை.

ஆனால் ஒன்று செய்து பாருங்கள். கட்டை விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து, மணிக்கட்டைச் சற்று மடக்குங்கள். நடுவில் கயிறு மாதிரி ஒன்று எழும்பும். சிலருக்கு எழும்பாது, பால்மாரிஸ் லாங்கஸ் தசை அவர்களுக்குப் பிறவியிலேயே கிடையாது. ஏழெட்டுச் சடலம் இருக்கும் கூடத்தில் இப்படி ஏதாவது ஒன்று மாணவர் கையில் தானாக அகப்படும். திரையிலோ, உள்ளே ஏற்றி வைத்த உடல்கள்தான் வருஷா வருஷம் வரும். நரம்பு எது, தசைநாண் எது என்று விரல் நுனி கற்றுக்கொள்ள அங்கே வழியே இல்லை.

சடலத்துக்கு வேறு தொல்லை, நம் ஊர் ஈரம். நீண்ட விடுமுறை முடிந்து ஒரு திங்கட்கிழமை சடலப் பையைத் திறந்தால் குதிகாலில் வெள்ளையாகப் பஞ்சு போல் பூஞ்சணம். மேலே போர்த்திய துணி ஓரத்தில் காய்ந்து சுருண்டிருந்தது. அதற்கப்புறம் துணி நனைப்பது என் காலை வேலையாகிவிட்டது. பதப்படுத்தும் திரவத்தில் ஃபீனால் கலப்பதும் இந்தப் பூஞ்சணத்துக்காகத்தான்.

பிளாஸ்டினேஷன் உறுப்புக்கு இந்தப் பாடே இல்லை. குந்தர் ஃபொன் ஹாகன்ஸ் 1977-இல் ஹைடெல்பெர்க்கில் கண்டுபிடித்த முறை அது. நீரையும் கொழுப்பையும் அசிட்டோனால் வெளியேற்றி, வெற்றிடத்தில் சிலிகோனை உள்ளே ஏற்றுகிறார்கள். வாடை இல்லை, அலமாரியில் வைக்கலாம், கையுறைகூட வேண்டாம். இதயத்தைக் கையில் கொடுத்தால் முதலாண்டுப் பிள்ளைகள் திருப்பித் தர மாட்டார்கள்! ஆனால் வெட்டிப் பழக முடியாது, மூட்டு மடங்காது. மடங்க வேண்டுமானால் ஆஸ்திரியாவின் கிராட்ஸில் வால்டர் தீல் 1992-இல் வெளியிட்ட, உடலை விறைக்காமல் மென்மையாகவே பதப்படுத்தும் முறை இருக்கிறது. அதற்குப் பல மாதம் தொட்டியில் ஊற வேண்டும். சின்னக் கூடத்துக்கு ஒத்துவராது.

என்னைக் கேட்டால் முதல் காசு இவை எதற்கும் போகக்கூடாது. காற்றைக் கீழ்நோக்கி இழுக்கும் எஃகு மேசைக்குப் போக வேண்டும். ஃபார்மலினிலிருந்து ஆவியாக எழும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் தரும் பொருள். அமெரிக்காவில் 8 மணி நேர வேலைக்குச் சராசரி 0.75 பிபிஎம்தான் (காற்றில் பத்து லட்சத்துக்கு முக்கால் பங்கு) உச்சவரம்பு. சீலிங் ஃபேன் அந்த ஆவியை எடுத்து எல்லார் முகத்திலும் வீசும். இந்த மேசையோ மூக்குக்கு ஏறுமுன் விளிம்பிலேயே இழுத்துக்கொள்ளும்.

அடுத்து சில சடலங்கள், ஓர் அலமாரி பிளாஸ்டினேஷன் உறுப்புகள். கையில் காசு மிச்சமிருந்தால் திரை மேசை. மின்சாரம் போனால் தாங்கும் யுபிஎஸ் சேர்த்தே வாங்குங்கள். இங்கே சாயங்காலம் செம்பனைத் தோட்டத்துக்கு மேல் இடி இறங்கினால் முதலில் அணைவது அந்தத் திரைதான்.